சப்பாத்துக் கடி

சப்பாத்துக் கடி நம்மவர் அனைவருக்கும் பழகிய துன்பந்தான். தை மாதத்தில் புதுச் சப்பாத்தோடு பள்ளிக்கூடம் சென்று, குதிக்காலில் கொப்புளத்தோடு வீடு திரும்பாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குறைவு. தேங்காய் எண்ணெய் தடவுவதும் மெழுகுதிரியைத் தேய்ப்பதும் அதற்கு நாம் கண்ட வைத்தியங்கள். பனித்தரையில் சறுக்கும் ஸ்கேட்டிங் சப்பாத்தும் கடிக்கும் என்பதையும், அந்தக் கடியிடம் நமது வைத்தியம் செல்லாது என்பதையும் 2023 மார்கழியில் ரொறன்ரோவில்தான் அறிந்துகொண்டேன்.

ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்கு அப்போது 12 வயது. ஐந்து ஆண்டுகளாக ஸ்கேட்டிங் பயின்று வந்தாள். அதுவரை அவள் அணிந்தவை யாவும் வேறு பிள்ளைகள் அணிந்து கழித்தவை. வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதிது வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆயினும் கழித்த சப்பாத்தில் ஒரு சங்கடம் உண்டு. அது முன்னர் அணிந்தவரின் பாதத்துக்கு ஏற்பப் படிந்திருக்கும். கணுக்கால் மடியுமிடத்தில் தளர்ந்தும் போயிருக்கும். துள்ளிச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை அந்தக் காலில் விழுகின்றது. அப்போது கணுக்காலைத் தாங்கிப் பிடிப்பது சப்பாத்தின் விறைப்பே. ஆகவே, இனிப் புதிதுதான் வேண்டும் என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் தங்கை, மேலதிகமாகப் பல இரவுகள் வேலை செய்து காசு சேர்த்தாள். விலையைக் கேட்டதும் வழமைபோல் மனதுக்குள் இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கு எழுதாமல் விடுவதே நலம்.

வாங்கும் நாளில் நானும் கூடச் சென்றேன். கடையில் இருந்தவர் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அவள் வழக்கமாக அணிவதைவிடச் சிறிய அளவொன்றை எடுத்து வந்தார். காலுறை மெல்லியதாக இருத்தல் வேண்டும். குதிக்கால் உள்ளே இம்மியும் எழும்பக் கூடாது. பின்னர் சப்பாத்தை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பாண் சுடுவது போலப் போறணையில் வைத்து எடுத்தார். சூட்டோடு சூடாக அதை அணிவித்து, நாடாவை இறுக்கி, எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார். அது ஆறும்போது பாதத்தின் வடிவத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளுமாம். அதன்பின் ஒரு நாள் முழுதும் அதைத் தொடக் கூடாது. புதிய அலகையும் அப்படியே பனியில் வைக்க முடியாது. நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும்படி சாணை பிடித்தால்தான் அதற்கு இரண்டு விளிம்புகள் கிடைக்கும்.

1860களில் அமெரிக்கரான ஜக்சன் ஹெயின்ஸ் அலகைச் சப்பாத்தோடு நிலையாகப் பொருத்தி ஆடியவர் எனப் போற்றப்படுகிறார். அதற்கு முன்னர் சாதாரணச் சப்பாத்தின் அடியில் அலகை வார்களால் கட்டிக்கொள்வதே வழக்கம். உறுதியான சப்பாத்து வந்ததும் பாய்ச்சல்கள் பெருகின. கூடவே கடியும் பெருகியிருக்கும் என்பது எனது ஊகம்.

முதல் நாட்களில் அலகுக்கு உறை மாட்டி வீட்டுக் கம்பளத்தில் நடந்தாள். பனித்தரையிலும் 20 நிமிடத்துக்கு மேல் இல்லை. மேற்கொழுக்கிகளில் நாடாவைக் கோக்காமல் விட்டு, முழங்காலை மடக்கி மடக்கி எழும்பவேண்டும் என்பது பயிற்றுநரின் கட்டளை. "கடிக்குதே பிள்ளை?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை மாமா" என்பாள்.

தங்கை வேலைக்குப் போயிருந்த ஓரிரவில், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குச் சென்றேன். அவள் தரையில் உட்கார்ந்து உட்பக்கக் கணுக்கால் எலும்பின்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவ்விடம் சிவந்து வீங்கியிருந்தது.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமா."

"ஏன்?"

"சூடாக்கினதை இனித் திருப்பிக் குடுக்கேலாது. அம்மா எத்தினை இரவு வேலை செய்தவ."

கனடாவில் பிறந்தவள். தமிழ் அவளுக்குத் தாயிடமிருந்து மட்டுமே கிடைத்தது. தாய் காசை எண்ணும் விதமும் அந்தத் தமிழோடு சேர்ந்தே வந்திருக்கவேண்டும்.

விடிந்ததும் தங்கையிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை என்னோடு இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "எனக்காகக் காலைக் கெடுக்கச் சொல்லி ஆர் கேட்டது அண்ணா?" என்றாள். தேங்காய் எண்ணெய் பூசிப் பார்ப்போமா என்றும் கேட்டாள். தோலை இளக்கினால் வாங்கிய காசே வீண் என்று சொல்லித் தடுத்தேன்.

கடைக்காரர் வீக்கத்தைப் பார்த்ததும், "ஏன் இத்தனை நாள் பொறுத்தாய்?" என்றுதான் கேட்டார். பாதம் முழுவதும் நோகுமானால் அது பழகும்வரை உள்ள நோ. ஓரிடத்தில் எலும்பின்மேல் மட்டும் நோகுமானால் அது தானாகப் போகாது என்று விளக்கினார். கணுக்கால் எலும்பின்மேல் சிறிது உதட்டுச் சாயம் பூசி, சப்பாத்தை அணிவித்துக் கழற்றினார். உள்ளே சாயம் ஒட்டிய இடத்தைச் சூடாக்கி, குண்டு முனை கொண்ட கருவியால் வெளிப்புறமாகத் தள்ளினார். சிறு குழியொன்று விழுந்தது. வேறெதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் மேற்கொழுக்கிகள்வரை நாடாவைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு மணித்தியாலம் சறுக்கிவிட்டு வந்து, துருப்பிடிக்காமல் அலகைத் துடைத்துத் துணி உறை மாட்டினாள். நோகவில்லை என்றாள். தங்கை அதை நம்பாமல், காலுறையைக் கழற்றச் சொல்லித் தானே குனிந்து பார்த்தாள்.