பறங்கிப் புண்: ஒரு சொல்லும் ஒரு நோயும்

தமிழில் பறங்கி என்னும் சொல் எத்தனை பொருள்களின் தலையில் ஏறி அமர்ந்திருக்கிறது! பறங்கிக்காய் அடுக்களைக்குள் வந்தது. பறங்கிப்பட்டை நாட்டு மருந்துக் கடைக்குள் வந்தது. பறங்கிமலை சென்னையின் ஊர்ப்பெயர்களுள் ஒன்றாயிற்று. அகராதியில் இவற்றின் அருகிலேயே பறங்கிப் புண் என்றொரு பதிவும் உண்டு. மாணவர்க்குத் திசைச்சொற்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நான் இந்த வரிசையைச் சொல்வது வழக்கம். முதல் மூன்றுக்கும் சிரிப்பார்கள். நான்காவதற்கு முகம் சுளிப்பார்கள். அந்த முகச்சுளிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் பக்கத்தில் பறங்கிப் புண் பெரும்பாலும் மேகப் புண்ணையே குறித்தது. கடலுக்கு அப்பால் இலங்கையிலோ, பறங்கி என்பது இன்னொரு நோயின் பெயர். மருத்துவர் அதனை யாஸ் என்பர். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த நோய் என்று மக்கள் நம்பியதால் அப்பெயர் நிலைத்தது. 1881-இல் இலங்கை அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி இந்நோயைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1913-இல் வெளியிட்ட காட்டுக் கிராம நாவலிலும் வறட்சி, பசி, காய்ச்சல் ஆகியவற்றோடு இந்தப் பறங்கியும் வருகிறது. நோய்க்கிருமியை முதன்முதலில் கண்டதும் இலங்கையில்தான். 1905-இல் கொழும்பில் பணியாற்றிய ஆல்டோ காஸ்டெல்லானி, புண்ணின் கசிவை உருப்பெருக்கியில் பார்த்துச் சுருள் வடிவான அந்த நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் மேகநோயின் கிருமியும் கண்டறியப்பட்டது. இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. உருப்பெருக்கியில் பிரித்தறிய இயலாதவை.

ஆனால் பரவும் வழி வேறு. யாஸ் பாலுறவால் பரவுவதன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலங்களில், சேர்ந்து விளையாடும் குழந்தைகளிடையே, கீறல் பட்ட தோலில் மற்றொருவரின் புண் உராய்வதால் பரவுவது. நோயுறுவோருள் பெரும்பாலோர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். முதலில் பூசணம் பூத்தாற்போல் ஒரு புடைப்பு, சில மாதங்களில் உடலெங்கும் புண்கள், உள்ளங்காலில் வெடிப்பு. உயிரைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆனால் மருந்தின்றி விட்டால், ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு எலும்பையும் மூக்கின் குருத்தெலும்பையும் தின்று உருவைக் குலைத்துவிடும். குழந்தையின் காலில் வந்த புண்ணுக்கு, பாலுறவு நோயின் பெயரோடு உறவுகொண்ட ஒரு பெயர். இதைவிட அநியாயமான பெயர்சூட்டல் உண்டா?

உண்டு. இந்தியாவில் இதற்குக் கோயா நோய் என்றொரு பெயர் இருந்தது. கோதாவரிக் கரைக் காடுகளில் வாழும் கோயா பழங்குடியினரிடம் மிகுதியாகக் காணப்பட்டதால், நோய்க்கு அந்த மக்களின் பெயரையே சூட்டிவிட்டனர். இலங்கையில் நோயைக் கொண்டுவந்தவன் என்று கருதப்பட்டவன் பெயர். இங்கே நோயால் வருந்தியவன் பெயர். இரண்டிலும் ஒரே மனம்தான் பேசுகிறது. புண் நம்முடையதன்று, அவர்களுடையது என்னும் மனம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் வெண்புள்ளி படர்ந்த கைகளோடு ஒரு மாணவன் இருந்தான். தொற்றாத ஒன்று அது. அதை எல்லாரும் அறிவர். ஆயினும் அவன் பக்கத்து இருக்கை ஆண்டு முழுதும் காலியாகவே கிடந்தது. தொற்றாததற்கே இந்த நிலையென்றால், தொற்றும் புண்ணோடு மலைக் கிராமத்துக் குழந்தை ஒன்று எங்கே போய் அமரும்?

யாஸின் வரலாற்றில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இதனை ஒழிப்பது எளிது. பென்சிலின் ஊசி ஒன்றே போதும். 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 46 நாடுகளில் ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மருந்து அளித்தன. நோயாளிகளின் எண்ணிக்கை 95 விழுக்காடு குறைந்தது. எஞ்சிய ஐந்தை வழக்கமான சுகாதார நிலையங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து விழுக்காட்டினர் வாழ்ந்தது சாலை முடிந்த பிறகு தொடங்கும் ஊர்களில். அங்கே சுகாதார நிலையமே இல்லை. போதாக்குறைக்கு, புண் இல்லாமலே கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு; அவர்களிடம் அது பின்னொரு நாள் மீண்டும் கிளம்பும். எழுபதுகளின் இறுதியில் நோய் பல நாடுகளில் திரும்பி வந்தது.

இந்தியா 1996-இல் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் மீண்டும் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் தமிழகம் உட்படப் பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. முறை பழையதுதான்: நோயாளி வரட்டும் என்று காத்திராமல் பணியாளர்களே வீடு வீடாகத் தேடிப் போனார்கள். புண் உள்ள குழந்தைக்கு மட்டுமன்றி, அதனோடு பழகிய அனைவருக்கும் மருந்து அளித்தார்கள். 2003-க்குப் பிறகு புதிய நோயாளி எவரும் காணப்படவில்லை. அப்போதும் அவர்கள் நிறுத்திவிடவில்லை என்பதே என்னை ஈர்க்கும் செய்தி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கடைசி நோயாளிக்குப் பின் பிறந்த குழந்தையின் குருதியில் தடயம் இல்லையென்றால், நோய் மறைந்து உறங்கவில்லை, அற்றே போயிற்று என்று பொருள். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை யாஸ் அற்ற நாடாக ஏற்றது.

உலகம் இன்னும் அந்நிலையை எட்டவில்லை. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, கானா ஆகிய நாடுகளில் நோய் இருக்கிறது. 2012-இல் ஓரியோல் மித்யாவும் குழுவினரும், அசித்ரோமைசின் மாத்திரையை ஒரே வேளை விழுங்கினால் ஊசிக்கு நிகராகக் குணம் கிடைக்கும் என்று காட்டினர். பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் மக்கள் அனைவருக்கும் அம்மாத்திரை வழங்க முற்பட்டனர். 84 விழுக்காட்டினர் பெற்றுக்கொண்டனர். ஓராண்டில் நோய் 2.4 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆகக் குறைந்தது. ஆனால் அற்றுப்போகவில்லை, சில ஆண்டுகளில் மீண்டும் தலைதூக்கியது. அம்மருந்துக்கு அடங்காத கிருமியும் ஐந்து பேரிடம் தென்பட்டது. அவர்களைக் குணப்படுத்தியது பழைய பென்சிலின்தான். ஒரு சுற்று போதாது, மூன்று சுற்றுகள் வேண்டும் என்பது 2022-இல் வெளியான ஆய்வு கற்பித்த பாடம். 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

இலக்கியத்தில் நாம் புண்ணை உவமையாக்கிப் பழகியவர்கள். மனப்புண், ஆறாத புண், சமூகத்தின் புண் என்று எழுதுகிறோம். உவமையாகிவிட்ட புண்ணுக்குக் கசிவு இல்லை, ஈ மொய்ப்பதில்லை. லிஹிரின் குழந்தைக்கு அது உவமை அன்று. விழுங்க வேண்டிய மாத்திரை தன் ஊர்வரை வருமா என்பதே அதன் கேள்வி. 95 விழுக்காடு என்பது அறிக்கையில் வெற்றி. மீதியுள்ள ஐந்தில் பிறந்தவனுக்கு அது வெறும் எண்.

கோயா நோய் இன்று கோயா மக்களிடம் இல்லை. அந்தப் பெயரையும் அவர்கள் மேலிருந்து இறக்கிவைப்பது மருத்துவர் வேலை அன்று; அது நம்மைப் போன்ற சொல்லோடு புழங்குவோரின் வேலை.