அம்மாவுக்கு முடிவைச் சொல்லிவிட்டேன்

அம்மாவோடு திரில்லர் படம் பார்ப்பது பெரிய ரோதனை. பாதிப் படம்கூட ஓடியிருக்காது, "கடைசியில என்னாவும்? சொல்லிரு" என்று ஆரம்பித்துவிடுவார். சொல்லாவிட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

'பாபநாசம்' பார்த்தபோதும் அதே கதைதான். ஜீத்து ஜோசப் 2013-இல் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்', 2015-இல் அவரே கமல்ஹாசனை வைத்துத் தமிழில் எடுத்த படம். நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். தொல்லை தாங்காமல், பிணம் புது போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இனி இவருக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா கடைசிவரை அசையவில்லை.

மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளனுக்குச் சில நொடி அதிர்ச்சிதான். குண்டு இருப்பதை அவனிடம் முன்பே சொல்லிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சும்மா பேசவிட்டால் கால் மணி நேரப் பதைப்பு என்பார் ஹிட்ச்காக். திரில்லர் என்றால் ட்விஸ்ட் என்றே நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது.

'பாபநாசம்' இரண்டையும் செய்கிறது. செத்தது யார், அடித்தது யார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். அதுதான் குண்டு. பிணம் எங்கே என்பதை மட்டும் கடைசி வரை ஒளித்து வைக்கிறது. சுயம்புலிங்கம் ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் குடும்பத்தைக் கூட்டிப் போகிறான், பார்க்கிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுக்கிறான். எதற்கு என்பது பின்னால்தான் முழுசாகப் புரிகிறது.

இதற்குள் நாம் அவன் பக்கம் போய்விட்டோம். 1960-இல் வந்த 'சைக்கோ'வில் சதுப்பில் இறங்கும் கார் பாதியில் நின்றுவிடும். மூழ்கித் தொலையேன் என்று நமக்கும் பதறும், கொலையை மறைப்பவனுக்காக. இங்கேயும் ஒரு கார் தண்ணீருக்குள் போகிறது. எனக்கு அதே பதற்றம்.

பிறகு அந்தக் குழி தோண்டும் காட்சி. சின்னப் பெண்ணை அடித்து இடத்தைத் தெரிந்துகொண்டு போலீஸ் தோண்டுகிறது. வெளியே வருவது கன்றுக்குட்டி. முதல் முறை நான் கைதட்டிய இடம் அது. இந்த முறையும் கை தன்னால் எழுந்தது.

"அந்தப் பொம்பள மூஞ்சியப் பாரு," என்றார் அம்மா.

பார்த்தேன். ஐ.ஜி. கீதா, செத்துப்போன பையனின் அம்மா. முதல் முறை எனக்கு அவர் வில்லி, அவ்வளவுதான். அந்தக் குழியில் தன் பிள்ளை கிடப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயை நான் கவனிக்கவே இல்லை. முடிவு தெரியாத நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு தெரிந்த அம்மாவுக்கு முகங்களைப் பார்க்க நேரம் இருந்தது.

அந்தப் பையன் செய்தது அயோக்கியத்தனம். அந்தச் சின்னப் பெண்ணை அடிக்கவிட்டதற்கும் கீதாவை மன்னிக்க முடியாது. அம்மாவுக்கும் அதில் சந்தேகமில்லை. கடைசியில் சுயம்புலிங்கம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறான்; ஆனால் இடத்தைச் சொல்வதில்லை, தன் மனைவியிடம்கூட. படம் அதை நமக்கு மட்டும் காட்டிவிட்டு முடிகிறது.

டிவியை அணைத்தேன். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெடக்குதுன்னாவது அந்தம்மாகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை.