குடியாத்தம் சாலையிலே

காட்பாடிச் சந்திப்பில் வண்டியை விட்டு இறங்குவோரில் பெரும்பாலோர் நோயாளிகள். அல்லது நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்த களைப்பு முகத்தில் தெரிய, மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் தெற்கே திரும்பி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூர் நகருக்குள் செல்கிறார்கள். நாங்களோ மேற்கே திரும்பிக் குடியாத்தம் செல்லும் பேருந்தில் ஏறினோம். வேலூரின் மருத்துவப் பெருமை பிறந்தது பெரிய கட்டடங்களில் அன்று, இந்தச் சாலையோரத்துப் புளியமர நிழல்களில்தான் என்று படித்திருந்தோம். அதைக் காணும் ஆவல் ஒரு காரணம். இந்தச் சாலையை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் பெரியம்மா இருக்கிறார் என்பது மற்றொரு காரணம்.

பெரியம்மாவின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் அவர் நான்கு மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். சர்க்கரைக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர், கால் எரிச்சலுக்கு ஒருவர், தூக்கமின்மைக்கு ஒருவர். நால்வரும் படித்தவர்கள், நால்வரும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. ஒரு விடியற்காலை, வாசலில் கோலமிடக் குனிந்தவர் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். ஒரே சர்க்கரை மருந்தை இரண்டு வணிகப் பெயர்களில், காலையும் மாலையும், பல வாரங்களாக விழுங்கி வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நகரத்தில் வாழும் நாங்கள், மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். எங்கள் மீதும் குற்றம் உண்டு.

பேருந்து லத்தேரியைத் தாண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒற்றை உருளை கொண்ட பீஜோ மோட்டார் வண்டி ஒன்று இந்த வழியே புழுதியைக் கிளப்பிக்கொண்டு சென்றது. அதைப் பேய் என்று எண்ணி மக்கள் ஓடினார்களாம். உள்ளே அமர்ந்திருந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் மிஷனெரி மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற அழைத்ததையும், ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் மறுத்ததையும், மூன்று பெண்களும் மாண்டுபோனதையும் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1902இல் வேலூரில் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார்.

மருத்துவமனை திறந்தாயிற்று, ஊர்கள் அங்கே வரவில்லை. ஆகவே அவர் ஊர்களுக்குப் போனார். வேலூரிலிருந்து குடியாத்தம் வரை, குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்ணைக் கழுவுவது, பல்லைப் பிடுங்குவது, கண்ணுக்கு மருந்திடுவது, தொழுநோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் அங்கேயே நடந்தன. பின்னாளில் மாணவியரையும் உடன் அழைத்துச் சென்றார். எங்கள் கருத்தில் அந்த வண்டியின் சிறப்பே இதுதான். அது மருந்தை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. ஒரு வகுப்பறையையும் சேர்த்தே ஏற்றிச் சென்றது.

1918இல் அவர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. சிறு தொகையினரையே சேர்க்க முடிந்தது. அங்கே தரப்பட்டது உரிமப் பட்டயக் கல்வி, எல்.எம்.பி. என்று நம் தாத்தாக்கள் மரியாதையோடு சொன்ன படிப்பு. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய இந்தியாவில் பதிவு பெற்றிருந்த 47,524 மருத்துவர்களில் 29,870 பேர் இத்தகைய உரிமப் பட்டயக்காரர்கள். காய்ச்சல், கட்டி, பிரசவம், பாம்புக்கடி என்று வந்ததையெல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். நாட்டுக்கு இனி ஒரே தரத்து மருத்துவர், பட்டதாரி மருத்துவர், போதும் என்று அக்குழுவின் பெரும்பான்மையோர் கருதினர், சிலர் மறுத்தனர். வேலூர்ப் பள்ளியும் பட்டப்படிப்புக்கு உயர வேண்டியதாயிற்று. 1942இல் அது கல்லூரியாயிற்று. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

தரம் உயர்ந்தது நன்மைதான். ஆயினும் பட்டத்தின் மேல் பட்டம், அதன் மேல் தனித்துறைப் பட்டம் என்று ஏணி நீண்டபோது, எல்லாவற்றையும் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஏணியில் படியே இல்லாமற் போயிற்று. "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று நாமே கேட்கவில்லையா? பெண் பார்க்கும் இடத்தில்கூட அந்த 'வெறும்' ஒலிக்கிறதே!

கே.வி.குப்பம் வந்தது. கீழ்வைத்தினான்குப்பம் என்ற நீண்ட பெயரை ஊரார் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். 1977இல் வேலூர்க் கல்லூரி இவ்வொன்றியத்தின் நலத்தைத் தன் கடமையாக ஏற்று நிறுவிய ஊரக அமைப்புக்கு 'ரூசா' என்று பெயர். முதல் ஆண்டுகளில் அதை வழிநடத்தியவர் டாக்டர் திலீப் முகர்ஜி. மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியையும் பிழைப்புக்கு வழியையும் சேர்த்துப் பார்த்தது அதன் புதுமை. பீடி சுற்றும் பெண்ணின் இருமலுக்கு மருந்து கொடுத்து, மறுபடியும் அவளைப் பீடியிலைக்கே அனுப்பினால் அது என்ன வைத்தியம்?

வேலூருக்குத் தெற்கே பாகாயத்தில் இதே கல்லூரியின் சமுதாய நல மருத்துவமனை கணியம்பாடி ஒன்றியத்தைக் கவனித்து வருகிறது. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே மாணவர்கள் சில வாரங்கள் சிற்றூரில் தங்கி, வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்புப் புகை எங்கே போகிறது, கடன் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்கள். படிப்பு முடிந்ததும் தேவையுள்ள மருத்துவமனைகளில் இரண்டாண்டு பணிபுரிய வாக்களித்தே பலர் சேருகிறார்கள். நகர ஏழைகளுக்கெனக் குறைந்த செலவில் நிறைந்த சிகிச்சை தரும் பிரிவு 1982இல் வேலூரிலேயே தொடங்கப்பட்டது.

இங்கே நம்மவர் ஒருவரையும் நினைத்துக்கொண்டோம். ஆஸ்திரேலியாவில் மருத்துவம் கற்று, 1920இல் குண்டூருக்கு வந்து துறவறம் பூண்ட அருட்சகோதரி மேரி குளோரி. கன்னியர் மருத்துவத் தொழில் செய்ய அந்நாளில் திருச்சபைச் சட்டம் தடையாயிருந்தது. உரோமையிடம் தனி அனுமதி பெற்றே அவர் நாடி பிடித்தார். தடை பொதுவாக நீங்கியது 1936இல்தான். அவரும் உள்ளூர்ப் பெண்களுக்குச் செவிலியர் பணியும் மருந்து கலக்கும் பணியும் கற்றுக் கொடுத்தார். ஸ்கடர் அம்மையார் நம் சபையினர் அல்லர். ஆயினும் இருவரும் ஒரே காலத்தில் ஒரே உண்மையைக் கண்டுகொண்டார்கள்: தாமே பார்ப்பதைவிடப் பார்ப்பவர்களை உருவாக்குவதே பெரிய மருத்துவம்.

மீண்டும் பேருந்து பிடித்துப் பெரியம்மாவின் ஊர்ப் பிரிவில் இறங்கினோம். திண்ணையில் அமர்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். நடையில் தடுமாற்றம் இல்லை.

"மாத்திரை எல்லாம் பாதியாப் போச்சு கண்ணு. அந்த டாக்டர் தம்பி என் பையைத் தலைகீழாக் கொட்டி, ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துது. வீட்டுக்கே வந்து ஊறுகாய் ஜாடியையும் பார்த்துட்டுத்தான் போச்சு" என்றார். பின்னதைச் சொன்னபோது குரலில் சிறிது மனத்தாங்கல் இருந்தது.

மாலையில் அந்த டாக்டரைக் கண்டோம். சாலையோரத்தில் இரண்டு அறைகள். வெளியே ஒரு நீள விசுப்பலகை. பதினைந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே குடும்ப மருத்துவம் கற்றவர். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் வேலூர்க் கல்லூரி இதற்கென ஓர் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்படுத்தியது. பாடநூல்கள் வீட்டுக்கு வரும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் குறித்த மருத்துவமனைகளில் கூடிப் பயிற்சி பெற வேண்டும். 'குறைவாக அனுப்பு, நிறைவாகத் தீர்' என்பது அதன் கொள்கை. அதாவது, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டெழுதித் தள்ளிவிடுவதைக் குறைத்து, தாமே தீர்க்கக் கூடியதைத் தீர்ப்பது. எதை உடனே அனுப்ப வேண்டும் என்பதையும் ஐயமற அறிவது.

"படிப்பதற்கு முன் பாதிப் பேரை அனுப்பிவிடுவேன். பயம்தான் காரணம்" என்றார் அவர் ஒளிக்காமல். "அனுப்பியவர்களில் எத்தனை பேர் வேலூருக்குப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? பஸ் காசுக்குப் பயந்து வீட்டுக்குத் திரும்பியவர்களே அதிகம்."

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சென்னையில் நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாராம். அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் படித்ததும் சென்னையிலேதானே. அவருக்குப்பின் அந்த இரண்டு அறைகளில் யார் உட்காருவார்கள் என்று கேட்டோம். "ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஆண்டுதான் படிப்பை முடித்தவர். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை" என்றார்.

விசுப்பலகையில் இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நாங்கள் விடைபெற்றோம். சாலைக்கு வந்து பேருந்துக்கு நிற்கையில், பெரியம்மா எங்கள் கையைப் பற்றிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"தம்பி என்ன சொல்லிச்சு? இருக்கேன்னுச்சா?"