திமிலிலிருந்து துறைமுகத்துக்கு

கிரந்துலில் கீழே கிடக்கும் தாதுக்கல் ஒன்றைக் கையில் எடுத்தால், அளவுக்கு மீறிக் கனக்கும். கீழே போட்ட பிறகும் உள்ளங்கையில் குங்குமக் கறை நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு இரும்பு என்றால் கனக்காமல் என்ன செய்யும்?

கிரந்துல் இருப்பது பைலாடிலா மலையில். பைலாடிலா என்றால் காளையின் திமில். சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுக்குள் மலை அப்படித்தான் புடைத்து நிற்கிறது. 1960இல் ஜப்பானிய எஃகு ஆலைகளுக்குத் தாது தர இந்தியா ஒப்புக்கொண்டது. அதற்காகவே மலையைக் குடைந்து, கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினத்தை அடுத்த கொத்தவலசை வரை சுமார் 445 கி.மீ. தண்டவாளம் போட்டார்கள். ரயில்வேக்காரர்களுக்கு அது ‘கே.கே. லைன்’.

தந்தேவாடாவில் சங்கினியும் டங்கினியும் கூடுகின்றன. சுரங்கக் கழிவால் சங்கினி சிவந்துபோனது என்பது கரையோர ஆதிவாசிகளின் பல்லாண்டு முறையீடு. ஜகதல்பூரை அடுத்த நகர்நாரில், 2023இல் திறந்த எஃகு ஆலை. தாது வாசலிலேயே இருக்கிறது. ஆனால் கோக்கிங் நிலக்கரி பஸ்தரில் கிடையாது, வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ரயில் பாதைக்கு ஒடிசாவின் கோராபுட்டைத் தாண்டியும் ஏற்றம் விடுவதில்லை. ஆந்திர எல்லைக்குள் சிமிலிகுடா, கடல்மட்டத்துக்கு மேல் 996 மீட்டர். அகலப்பாதை நிலையங்களில் உயரமானது என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய இடம். இங்கிருந்து ஒரே இறக்கம். கொத்தவலசைக்கும் அரக்குக்கும் இடையில் பல சுரங்கப்பாதைகள். சுற்றுலாப் பயணிகள் இருட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கூச்சல் போடுவார்கள். சரக்கு வண்டி டிரைவருக்கோ கண்ணும் கையும் பிரேக்கில்தான்.

இந்த ஏற்ற இறக்கத்துக்காக 1980களின் இறுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி எஞ்சின்கள் வந்து இறங்கின. தாது போன நாட்டிலிருந்தே அதை இழுக்க எஞ்சின்! இன்றைய திரீ-பேஸ் எஞ்சின்கள் இன்னும் கெட்டி. இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளும்போது, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடிக்கிறது. அப்படிப் பிறக்கும் மின்சாரம் மேல்கம்பிக்கே திரும்புகிறது. ஏறும்போது வாங்கிய கடனில் ஒரு பங்கை மலை இறங்கும்போது அடைக்கிற கணக்கு.

சமவெளியில் கொத்தவலசை, அதைத் தாண்டினால் விசாகப்பட்டினம். ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’ (விசாக எஃகு, ஆந்திரரின் உரிமை) என்று எஃகு ஆலை கேட்டு 1966இல் இங்கே கிளர்ச்சி வெடித்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ‘உக்கு’ நம் ‘உருக்கு’க்கு உறவுதான். ஆலை வந்தது, 1990இல் முதல் ஊதுலை எரிந்தது. ஒரு டன் இரும்புக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தாது, ஏறக்குறைய அதில் பாதி கோக்கிங் நிலக்கரி, கொஞ்சம் சுண்ணாம்புக்கல். தாது பைலாடிலாவிலிருந்து, சுண்ணாம்புக்கல் ஜக்கய்யப்பேட்டையிலிருந்து, நிலக்கரி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆலைக்குச் சொந்தமாக இரும்புச் சுரங்கம் இல்லை. அந்த ஏக்கம் இன்றும் தீரவில்லை.

மலையில் இருக்கும் ஆலைக்குக் கரி எட்டாத தூரத்தில். கடலோர ஆலைக்குத் தாது எட்டாத தூரத்தில். எஃகின் விலையில் பாதிக் கதை இந்தத் தூரம்தான். காலி வேகன்கள் மறுபடி மலையேறுகின்றன, அடித்தட்டில் ஒட்டிய சிவப்புத் தூளோடு.