சதுரத் துளைக் காசு

நாணயம் சேர்ப்போர் பொன்னையும் வெள்ளியையும் நாடுவது இயல்பு. நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கோ அவை எட்டாக்கனி. ஆதலின், கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபின், இங்குள்ள சீனர் வீடுகளில் கிடைக்கும் பழம் பித்தளைக் காசுகளின்மீது நம் கருத்துச் சென்றது.

இவை அச்சடித்தவையல்ல, வார்த்தவை. தாய்க்காசை மென்மணலில் அழுத்திப் பதிவெடுத்து, செம்பும் துத்தநாகமும் கலந்த உருக்கை அதில் ஊற்றினர். கிளையில் காய்த்த காய்கள்போல் ஒட்டிவந்த காசுகளை ஒடித்தெடுத்து, நடுத்துளையில் சதுரக் கோலைக் கோத்து விளிம்பை அராவினர். கயிற்றில் கோத்து எடுத்துச் செல்லவும் அத்துளையே உதவிற்று.

சீனம் கல்லாதாரும் இவற்றை இனங்காணலாம். பெரும்பாலான காசுகளில் மேலும் கீழும் உள்ள ஈரெழுத்துகள் பேரரசரின் ஆட்சிப் பெயர். வலமும் இடமும் உள்ளவை ‘துங் பாவ்’; எங்கும் வழங்கும் செல்வம் என்பது பொருள். சீனத்தை இறுதியாக ஆண்ட சிங் மரபினரின் காசாயின், பின்புறத்தில் மஞ்சு எழுத்தில் வார்ப்புச் சாலையின் பெயரும் இருக்கும்.

டிரெட்டா பஜாரில் எழுபதைக் கடந்த சீனர் ஒருவர், மகனோடு கனடா செல்லுமுன், ஒரு தகரப்பெட்டிக் காசுகளை நமக்கு விற்க இசைந்தார். விலை முடிந்தபின், செந்நூலில் கோத்த காசொன்று கையில் தட்டுப்பட்டது. 1736 முதல் 1795 வரை ஆண்ட சியென்லுங் பேரரசரின் காசு; பீக்கிங் வருவாய்த்துறைச் சாலையில் வார்த்தது. எங்கும் மலிவாய்க் கிடைப்பதே. இவற்றைச் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. 1962 போரின்போது இங்குள்ள சீனர் பலரை இராஜஸ்தானத்துத் தியோலி முகாமுக்குக் கொண்டுசென்றனர் அல்லவா? அவ்வண்டியில் ஏறுமுன் தம் அன்னை தம் கழுத்தில் கட்டியது அது என்றார்.

திருப்பிக் கொடுத்தோம். பெட்டி முழுமைக்கும் விலை பேசியாயிற்றே என்று வாங்க மறுத்தார். அது நம் ஏட்டில் ஏறத்தக்கதன்று எனக் கூறி அவர் கையிலேயே வைத்தோம்.

காசின் முன்புறம் அரசனைச் சொல்லும். பின்புறம் சாலையைச் சொல்லும். யார் கழுத்தில் கிடந்தது என்பதை உடையவர்தாம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டறிந்த பின்னரே இப்போதெல்லாம் விலை பேசுகிறோம். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருளுண்டு.