எது மேலே, எது கீழே

அப்பா மழையை எழுதிவைப்பவர். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் அளவைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் தேதியோடு குறித்துவிடுவார். பக்கத்திலேயே ‘உழவு மழை’, ‘தூறல்’ என்று ஏதேனும் ஒரு சொல்லும் இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் விதைக்கிற பூமி. அருப்புக்கோட்டையில் கொட்டுகிற மழை திருச்சுழிக்கு வராமல் போகும். திருச்சுழிக்கு வந்தது எங்கள் ஊரைத் தொடாமல் போகும். சராசரிக் கணக்கில் மழை பெய்திருக்கும், எங்கள் கண்மாயில் பெய்திருக்காது. அந்த வித்தியாசத்துக்குச் சாட்சியம் அப்பாவின் நோட்டு.

ஊருக்குப் போயிருந்தபோது அந்த நோட்டின் ஓர் ஆண்டுப் பதிவை வரைபடமாக்க நினைத்தேன். பிழைப்புக்காகத் தினமும் செய்கிற வேலைதான். ஆர் மொழியில், ஜிஜிபிளாட்2 கொண்டு வரைந்தேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரண்டின் மாதச் சராசரியைச் சாம்பல் நிறப் பரப்பாக விரித்து, அதன்மேல் எங்கள் ஊர் மழையை நீலப் பட்டைகளாக நிறுத்தினேன். ஜிஜிபிளாட்2இல் அடுக்குகளுக்கு விதி ஒன்றுதான். முதலில் எழுதியது அடியில், பிறகு எழுதியது மேலே. வெள்ளையடித்த சுவரில் காவிப்பட்டை போடுவதுபோல.

அசையாத அந்தப் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் பட்டையைத் தொட்டால் அளவும், அப்பா எழுதிய சொல்லும் தெரிந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று ஆசைப்பட்டேன். பிளாட்லி தொகுப்பில் ஒரே கட்டளையில் அது தொடுபடமாக மாறிவிடும். மாற்றி, திறந்துகூடப் பாராமல், அண்ணனின் கைபேசிக்கு அனுப்பினேன். அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“எங்கடா தம்பி, நம்ம மழையக் காணோம்? எல்லாம் சாம்பலாக் கெடக்கு.”

சாம்பல் பரப்பு முன்னால் வந்து பட்டைகளை மூடியிருந்தது. சராசரியைவிட அதிகம் பெய்த மாதங்களில் மட்டும் நீல நுனி எட்டிப்பார்த்தது. எங்களுக்குப் பெய்யாத மாதங்கள், அதாவது நோட்டு சொல்லவந்த சேதி, முழுவதுமாக மறைந்துவிட்டது.

படத்தின் உள்ளே இருந்த பட்டியலில் வரிசையை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. உலாவியில் இப்படங்கள் எஸ்விஜியாக வரையப்படுகின்றன. அங்கும் பின்னால் வருவதுதான் மேலே நிற்கும். ஆனால் பிளாட்லி ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் தட்டுகளை முன்கூட்டியே அடுக்கிவைத்திருக்கிறது. வெப்பப்படம் அடியில், அதற்கு மேலே பட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே கோடுகளும் புள்ளிகளும். நிறம் நிரப்பிய பரப்பு அதன் கணக்கில் கோட்டு வகை. ஆகவே நான் வகுக்கிற வரிசை ஒரே வகைக்குள் மட்டுமே செல்லும். வகை மாறினால் என் விருப்பம் செல்லாது.

வழிகள் இருந்தன. 2024இல் பிளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் மேல்கீழ் வரிசையை எண்ணால் குறிக்கும் வசதி வந்தது. என் ஆர் தொகுப்புக்குள் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. பரப்பை மங்கலாக்கினால் நீலம் தெரியும், ஆனால் அழுக்காகத் தெரியும். பட்டைகளைத் தடித்த செங்குத்துக் கோடுகளாக வரைந்தால் இரண்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும், ஆனால் படத்தைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமன் கூடவே வளராது.

கடைசியில் பட்டைகளை மட்டும் மாற்றிக்கொண்டு, சராசரிப் பரப்பை வெறும் வடிவமாக, ‘கீழே’ என்று குறித்துச் சேர்த்தேன். பட்டைகளை மட்டும் கணக்கிட்டு அச்சின் எல்லை அமைந்திருந்ததால் சராசரியின் தலை வெட்டுப்பட்டது. எல்லையை நானே உயர்த்த வேண்டியிருந்தது. இப்படிச் சேர்த்த வடிவம் தொட்டால் பதில் சொல்லாது. அதனால் குறையொன்றுமில்லை. பின்னணி பேச வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்ததே அப்போதுதான். அதுவரை எது பின்னணி என்பதை நிறத்தால் மட்டுமே சொல்லியிருந்தேன்.

மறுபடி அனுப்பினேன். அப்பா அக்டோபர் பட்டையைத் தொட்டிருக்கிறார். குட்டைப் பட்டை, பின்னால் உயரமான சாம்பல். அவர் எழுதிய ‘தூறல்’ என்ற சொல் எழுந்து நின்றிருக்கிறது.

“ஆமா, அந்த வருசம் இப்படித்தான்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.