சட்டைக் கையில் ஒரு சின்னம்



"டேய், நீ ஸ்கூல்ல ஸ்கவுட்டாமே? எத்தனை பேட்ஜ் வாங்கின?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. "நாலு. அதுல ஒண்ணை ரெண்டு தடவை வாங்கினேன்" என்பேன். ஏதோ ஜோக் அடிக்கிறான் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது ஜோக் அல்ல. அந்த இரண்டு தடவைக் கதையைத்தான் இந்த மலரில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்தேன். நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. யூனிஃபார்ம், கழுத்தில் ஸ்கார்ப், பள்ளி விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், கேம்ப் என்ற பெயரில் ஊர் சுற்றல்... இவைதான் காரணம். எங்கள் ஊர் ஓசூர். தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு, பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். மூன்றும் கலந்து பேசும் பசங்கள் எங்கள் அணியில் எட்டுப் பேர். அணித் தலைவன் விசில் அடித்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழியில் புரிந்துவிடும்!

இந்த இயக்கத்துக்கும் நம் எல்லைப் பகுதிக்கும் ஒரு பக்கத்து வீட்டு உறவு உண்டு. 1907-ல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். அதுதான் ஆரம்பம். இரண்டே வருடத்தில், 1909-ல், நமக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பவர் ஒரு படையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் சாரணர் படை அதுதான் என்பார்கள். ஆனால் அன்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் அதில் இடம். 'நம் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?' என்று 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாக இருந்த சங்கங்கள் சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ம் தேதி, ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆயின. அடுத்த வருடம் சாரணியரும் சேர்ந்தார்கள்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். 'சோபான்' என்றால் படி. முதலில் பிரவேஷ், அதாவது நுழைவு. உறுதிமொழி, சாரணர் விதிகள், கொடிப் பாட்டு, இடது கையால் கை குலுக்குவது, தினம் ஒரு நற்செயல். இதெல்லாம் தெரிந்தால் ஸ்கார்ப் கட்டி விடுவார்கள். அதன் பிறகு பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று மூன்று படிகள். அதற்கு மேலே மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார். நம் பக்கத்தில் ஆளுநர் விருது என்றால்தான் தெரியும். உச்சியில் ராஷ்டிரபதி விருது. ஒரு படியை விட்டு அடுத்த படிக்குத் தாவ முடியாது. நம் டிப்ளமோவில் அரியரோடு அடுத்த செமஸ்டர் போகிற வசதி அங்கே கிடையாது! ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் உழைத்த பிறகுதான் அடுத்த படிக்குச் சோதனை.

பிரதம சோபானில் முடிச்சுகள். ஒரே தடிமன் கயிறு இரண்டைச் சேர்க்க ரீஃப் நாட். தடிமன் வேறு வேறாக இருந்தால் ஷீட் பெண்ட். கம்பத்தில் கட்ட குளோவ் ஹிட்ச். இறுகாத வளையம் வேண்டுமானால் போலைன். கிணற்றில் விழுந்தவனைத் தூக்க அதுதான். அடுத்தடுத்த படிகளில் முதலுதவி, திசைகாட்டி, வரைபடம், விறகடுப்பில் சமையல், மரத்தில் ஏறாமலே அதன் உயரத்தைக் கணக்கிடுவது என்று வளர்ந்துகொண்டே போகும். கேளவரப்பள்ளி அணைப் பக்கம் நடைப்பயணம் போனபோது நாங்கள் ஆக்கிய சாதத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று அன்று என்னோடு சாப்பிட்ட நண்பன் கேட்டுக்கொண்டதால் விட்டு விடுகிறேன்.

இந்தப் படிகளுக்குப் பக்கவாட்டில் இருப்பவைதான் பேட்ஜுகள். சமையல், சைக்கிள், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், முதலுதவிக்கு 'ஆம்புலன்ஸ் மேன்' என்று ஏகப்பட்டது. நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். மேல் படிகளுக்கு இத்தனை பேட்ஜ் வேண்டும் என்று கணக்கு உண்டு. அமெரிக்காவில் இதே முறைதான்: அங்கே உச்சியில் இருக்கும் ஈகிள் சாரணன் ஆக 21 பேட்ஜ் வேண்டும். பேடன் பவல் இதில் ஒரு நல்ல விஷயம் வைத்தார். பேட்ஜ் என்பது பக்கத்துப் பையனை ஜெயிப்பதற்கு அல்ல. நேற்றைய உன்னைவிட இன்றைய நீ எவ்வளவு முயன்றாய் என்பதுதான் அளவுகோல். முதல் ரேங்க் என்று ஒன்று அங்கே கிடையாது. பத்துப் பேர் முயன்றால் பத்துப் பேருக்கும் கிடைக்கும். முயலாவிட்டால் பத்துப் பேருக்கும் கிடைக்காது.

கிடைக்கக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்ததே!

ஒன்பதாம் வகுப்பு. ராஜ்ய புரஸ்கார் சோதனை முகாமுக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நேரம். எனக்கு ஆம்புலன்ஸ் பேட்ஜ் பாக்கி. சோதிக்க வந்தவருக்கு அன்று வேறு எங்கோ போக வேண்டிய அவசரம். பத்துப் பேர் லாக் புக்கோடு வரிசையில் நின்றோம். முதல் இரண்டு பேரைக் கட்டுப் போடச் சொல்லிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தவங்களுக்கும் தெரியும்ல?" என்றார். "தெரியும் சார்!" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினோம். சரசரவென்று கையெழுத்து விழுந்தது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் குரலில் என் குரல்தான் பெரிது. புத்தகத்தில் அந்தப் பாடத்தை நான் ஒரு முறை புரட்டியதோடு சரி. அன்று ராத்திரியே அம்மா அந்தப் பேட்ஜைச் சட்டைக் கையில் தைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு என்னைவிட சந்தோஷம். அவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, ராஷ்டிரபதி விருது வாங்கினவங்க அதுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ ஷிஃப்ட் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு என் சட்டைக் கை ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மாதிரி தெரிந்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, படைக் கூட்டத்துக்கு முழு யூனிஃபார்மில் போய்க்கொண்டிருந்தேன். ஜூஜூவாடிப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுந்தது. வேலைக்குப் போகிற ஒரு அண்ணன். முழங்கைக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. கூட்டம் கூடியது. யாரோ 108-க்குப் போன் போட்டார்கள். அப்போது ஒருவர் என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டார். "ஏய், வழி விடுங்கப்பா! ஸ்கவுட்டுத் தம்பி வந்திருக்கான், அவனுக்குத் தெரியும்!"

கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது.

நண்பர்களே, அந்தச் சில நொடிகளை என்னால் இன்றும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கால் நகரவில்லை. முதலில் என்ன செய்வது? தண்ணீர் ஊற்றுவதா? கட்டுவதா? எங்கே கட்டுவது? அந்த அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமும் என்னைத்தான் பார்த்தது. நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் வேறு யாரும் கிட்டே வரவில்லை. அதுதான் கொடுமை!

மார்க்கெட்டுக்கு ரோஜாப் பூக் கட்டு கொண்டுபோன ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் கழுத்து ஸ்கார்பை உருவி, மடித்து, காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். கையைத் தூக்கிப் பிடித்தார். "கட்டிகா பட்டுகோ!" என்று தெலுங்கில் என்னை ஒரு அதட்டு. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த அம்மா சொன்னபடி செய்துகொண்டிருந்தேன். அவருக்கு எந்தச் சட்டையிலும் எந்தப் பேட்ஜும் இல்லை. சாரணர் ஸ்கார்ப் முக்கோணமாக மடிவதே அவசரத்துக்குக் கட்டுத் துணியாகட்டும் என்றுதான். எனக்கு அது வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாடம். நான் அதை அழகுக்குக் கட்டியிருந்தேன்.

அந்த அண்ணன் பிழைத்துக்கொண்டார். தையல் போட்டு அனுப்பிவிட்டார்களாம். நான்தான் இரண்டு நாள் தூங்கவில்லை. திங்கட்கிழமை பிளேடு எடுத்து அம்மா போட்ட தையலைப் பிரித்து, பேட்ஜை எங்கள் சாரண ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அந்தத் துணித்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் குடுத்தா இந்த வருஷம் கேம்ப்புக்கு உன் பேர் போகாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இந்தத் தெரியும் நிஜமாவே தெரியுமா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

மூன்று மாதம் கற்றுக்கொண்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த எதிர்வீட்டு நர்ஸ் அக்கா சாயங்காலங்களில் சொல்லிக் கொடுத்தார். சுத்தமான துணியால் நேராக அழுத்து. முடிந்தால் கையுறை போட்டுக்கொள். துணி நனைந்தால் அதை எடுக்காதே, மேலே இன்னொன்றை வை. எலும்பு முறிவு தெரியவில்லை என்றால் கையை உயர்த்து. ரீஃப் நாட் போடு; தட்டையாக இருக்கும், உறுத்தாது. தம்பியின் கை காலெல்லாம் எனக்குக் கட்டுப் போடும் மைதானம் ஆனது. மறுபடி சோதனை வைத்தார்கள். இந்த முறை வேறொருவர், முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். பேட்ஜ் வந்தது. அதற்குள் முகாம் முடிந்திருந்தது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அதோடு என் சாரண வாழ்க்கை திருதிய சோபானில் நின்றது. முகாமுக்குப் போன என் அணி நண்பன் ஒழுங்காக உழைத்து ஆளுநர் விருது வாங்கினான். அவனைப் பார்த்து எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அப்பா ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை என்பதும் உண்மை.

போன லீவில் சிப்காட்டில் ஒரு யூனிட்டில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். அங்கே ஒவ்வொரு மைக்ரோமீட்டரிலும் ஒரு குட்டி ஸ்டிக்கர். எந்தத் தேதியில் சரிபார்த்தது, அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்று. ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு கவலையா என்று கேட்டேன். இன்ஸ்பெக்ஷன் அண்ணன் சொன்னார்: "ஸ்டிக்கர் இல்லாத கருவியை எவனும் எடுக்க மாட்டான் தம்பி, அதனால ஆபத்தில்ல. ஸ்டிக்கர் இருந்து கருவி தப்பா இருந்தா, ஆயிரம் பீஸ் போன பிறகுதான் தெரியும்."

எனக்கு ஜூஜூவாடி ரோடு ஞாபகம் வந்தது. என் சட்டையில் அந்தப் பேட்ஜ் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒருவர் முன்பே முன்வந்திருப்பார்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ நீ ரெக்கார்ட் நோட்டே காப்பி அடிச்சதில்லையா?' என்று கேட்பீர்கள். அடித்திருக்கிறேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஆனால் ஃபிட்டிங் ஷாப்பில் சீனியர் செய்த ஜாபில் பழைய நம்பரை அரம் போட்டு அழித்துவிட்டு என் நம்பரைப் பஞ்ச் பண்ண ஒருவன் ஐடியா கொடுத்தபோது, கை வரவில்லை. நானே ராவினேன். ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. மார்க் குறைந்தது. நாளைக்கு நம் கையில் வரப்போகிற டிப்ளமோவும் சட்டைக் கையில் தைக்கிற சின்னம்தானே? அதைப் பார்த்து யாராவது வழி விடுவார்கள். ஒரு மெஷினை, ஒரு லிஃப்டை, ஒரு பாலத்தை நம்மிடம் விட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

பழைய ஸ்கார்ப் இன்னும் என் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது. துவைத்தும் ஓரத்தில் கறை போகவில்லை. கட்டுப் போடக் கற்றுக்கொள்ள ஆசை உள்ளவர்கள் எந்தச் சனிக்கிழமை மாலையும் என் அறைக்கு வரலாம். முக்கால் மணி நேரம் போதும். பேட்ஜ் கிடையாது. சோதனை மட்டும் உண்டு!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்